வேங்கிக்காலில் இறங்கிய நூல்கள்

இணையத்தில் இயங்கும் எந்தச் செயலியையும் இரண்டு பங்காகப் பிரித்துப் பார்க்கலாம். கேட்பவர் யார், எதைக் கேட்கிறார் என்பதற்கேற்ப அந்தந்த நொடியில் கணக்கிட்டு விடை சொல்லும் பகுதி ஒன்று. யார் கேட்டாலும் ஓர் எழுத்தும் மாறாமல் அப்படியே எடுத்துக் கொடுக்கப்படும் படங்கள், எழுத்துருக்கள், ஒலிப்பதிவுகள், பி.டி.எஃப். நூல்கள், எழுதி முடித்த பக்கங்கள் ஆகியவை மற்றொன்று. இரண்டாவது வகைக்கு நிலைக்கோப்புகள் என்று பெயர். கணினித் துறையினர் பேச்சில் ஸ்டாட்டிக் ஃபைல். பத்துக் கோப்புகளை வைத்துக்கொள்ள யாராலும் முடியும்; அவை ஆயிரமாகி, லட்சமாகும்போது, எங்கே வைப்பது, என்ன பெயரிடுவது, கேட்பவருக்கு எடுத்துக் கொடுக்கும் செலவை யார் ஏற்பது என்பவை தனித் தொழிலாகவே வளர்ந்துவிடுகின்றன. மேகக்கணிமை நிறுவனங்கள் இன்று வாடகைக்குத் தரும் இந்தத் தொழிலின் அடிப்படைகளை, மேகக்கணிமை என்ற சொல்லே புழக்கத்துக்கு வராத நாளில், பழந்தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றியவர்கள் தங்கள் கைப்பழக்கத்தாலேயே கண்டுகொண்டிருந்தார்கள். அவர்கள் ஏற்றியவற்றை இறக்கிப் படித்த ஊர்களில் திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலும் ஒன்று.

வேங்கிக்கால், திருவண்ணாமலையிலிருந்து வேலூர் செல்லும் சாலையில் உள்ளது. 1989இல் வட ஆர்க்காடு மாவட்டத்திலிருந்து திருவண்ணாமலை தனி மாவட்டமாகப் பிரிந்தது. ஆட்சியர் அலுவலகம் வேங்கிக்காலில் அமைந்த பின் அதைச் சுற்றி மனு எழுதித் தருபவர்கள் வந்து உட்கார்ந்தார்கள், ஜெராக்ஸ் கடைகள் வரிசைகட்டின. மக்கள் குறைதீர்க்கும் நாளான திங்கட்கிழமைகளில் அக்கடைகளின் இயந்திரங்கள் விடாமல் ஓடிச் சூடேற, டோனர் மணம் சாலைவரை வந்து நிற்கும். இதை எழுதுபவர் அண்மையில் ஒரு திங்கட்கிழமை அவ்வழியே போனபோது அந்த மணம் நாசியில் ஏறியதும், எதிரே தொங்கிய இ-சேவைப் பலகையை மறந்து, அதே வரிசையில் முன்பு இருந்த ப்ரவுசிங் சென்டரையும் அங்கே நூல்கள் இறங்கிய மாலைகளையும் நினைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றுவிட்டார்.

அந்தக் கடை முதலில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டாக இருந்தது. லோயர், ஹையர் தேர்வுக்குப் போகிறவர்கள் விடியற்காலையிலேயே வந்து தட்டுவார்கள். பிறகு டி.டி.பி. சென்டராகிக் கல்யாணப் பத்திரிகையும் கோயில் நோட்டீசும் அடித்தது. இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையச் சேவை 1995 ஆகஸ்ட் 15 அன்று பெருநகரங்களில் தொடங்கியது. 1998இன் இறுதியில் தனியாரும் அச்சேவை தரலாம் என்றான பிறகே அது சிறு ஊர்களை நோக்கி நகர்ந்தது. ஒட்டுப்பலகையால் தடுத்த அறைகள், வாசலில் கழற்றி விட்ட செருப்புகள், பெயரும் வந்த நேரமும் எழுதும் நீளமான நோட்டு, மின்சாரம் போனதும் கூவத் தொடங்கும் யு.பி.எஸ்., ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் அடுத்த ஆண்டுவரை அழியாத மானிட்டர் என்று அந்தக் கடைகளுக்கு ஒரே முகம் இருந்தது. பிளஸ் டூ முடிவு வெளியாகும் நாளில் தெருவே உள்ளே வந்துவிடும். மற்ற நாள்களில் பயன்படுத்துவோர் குறைவு. கையில் கைப்பேசி இருப்பதால் ஊருக்கு வெளியே போகாமலே உலகைப் பார்க்கும் இன்றைய பிள்ளைகளிடம், இணையம் பார்ப்பதற்காக நோட்டில் கையெழுத்துப் போட்ட வழக்கத்தைச் சொன்னால் நம்பத் தயங்குகிறார்கள்.

அப்படிப்பட்ட ஓய்வான மாலைகளில் வந்தவர்களில் பணி ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருந்தார். சட்டைப்பையில் இரண்டு ஃபிளாப்பியும், மடித்த தாளில் எழுதிய முகவரியும் கொண்டுவருவார். முதல்முறை அவர் திருக்குறள் பக்கத்தைத் திறந்தபோது, திரையில் தமிழுக்குப் பதிலாக மேலே கொம்பும் கோடும் போட்ட ஐரோப்பிய எழுத்துகள் வரிசையாக வந்து நின்றன.

“என்ன தம்பி, குறளைக் கேட்டா பிரெஞ்சுக்காரன் எழுதின மாதிரி வருது?” என்றார்.

கடையில் இருந்த இளைஞர் எழுந்து வந்து, “கோப்பு சரியாத்தான் இருக்குங்க ஐயா, இந்தக் கம்ப்யூட்டர்ல அதுக்கான ஃபாண்ட் ஏத்தல. அஞ்சு நிமிஷம் இருங்க” என்று எழுத்துருவை இறக்கி நிறுவினார். அதன்பின் அதே பக்கம் அகர முதலாக நிமிர்ந்து நின்றபோது, ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். கோப்பு மாறவில்லை, அதைப் படிக்கும் முறைதான் மாறியது என்பதை அந்த இளைஞர் விளக்கிய விதம், பிற்காலத்தில் கணினி வகுப்புகளில் கேட்ட எந்த விளக்கத்தைவிடவும் தெளிவாக இருந்தது.

அவர்கள் திறந்தது மதுரைத் திட்டத்தின் பக்கம். 1998ஆம் ஆண்டு பொங்கல் நாளில், சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் வாழும் வேதியியலாளர் கு. கல்யாணசுந்தரமும், அமெரிக்காவில் விர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் இருந்த குமார் மல்லிகார்ஜுனனும் முன்னின்று தொடங்கிய தன்னார்வ முயற்சி அது. 1971இல் மைக்கேல் ஹார்ட் அமெரிக்காவில் தொடங்கிய குட்டன்பர்க் திட்டத்தைப் போல, பதிப்புரிமைத் தடை இல்லாத தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து, மெய்ப்புப் பார்த்து, எவரும் இலவசமாக எடுத்துக்கொள்ளுமாறு வைப்பது அதன் நோக்கம். பல நாடுகளில் வாழும் தமிழர்கள், அலுவலகம் முடிந்து வீடு திரும்பிய இரவுகளில், ஊதியம் எதுவுமின்றித் தட்டச்சு செய்தார்கள். நூலைத் திறந்ததும் முதலில் தெரிவது அதைத் தட்டியவர், பிழை திருத்தியவர் ஆகியோரின் பெயரும் நன்றியும்தான். அந்த முன்பக்கத்தை நீக்காமல் கோப்பை யாரும் யாருக்கும் கொடுக்கலாம் என்ற அனுமதியும் அங்கேயே இருக்கும்.

திட்டத்தினர் கோப்புகளுக்குப் பெயரிட்ட முறை இன்று பார்க்கும்போதும் வியப்பளிக்கிறது. பி.எம். என்ற ஈரெழுத்தும் அதை அடுத்து நான்கு இலக்க எண்ணுமே அடிப்படை. முதல் எண் திருக்குறளுக்கு. நூலின் பெயரையோ ஆசிரியர் பெயரையோ ஆங்கில எழுத்தில் கோப்பின் பெயராக வைத்திருந்தால், அதை எப்படி எழுதுவது என்ற சச்சரவு ஓய்ந்திருக்காது. எண்ணாக வைத்ததால், எழுத்துகளின் குறியேற்றம் மாறியபோதும் கோப்புகள் இருந்த வழங்கி மாறியபோதும் எண் மாறவில்லை; பல ஆண்டுகளுக்கு முன் ஒருவர் தன் நோட்டில் குறித்துவைத்த எண்ணைக்கொண்டு இன்றும் அந்நூலைக் கண்டுபிடிக்க முடிகிறது. ஒரு தரவுத்தளமும் அதைக் கேட்டுப் பக்கத்தைச் சமைக்கும் நிரலும் தேவைப்படாத வெறும் கோப்புகளாக அவை இருந்ததும் நல்வாய்ப்பே. நிரல் எழுதியவர் விலகிவிட்டால் நிரல் நின்றுவிடும். கோப்பு அப்படி நிற்பதில்லை. பெரிய நூல்களைப் பகுதிகளாகப் பிரித்து ஏற்றினார்கள். திருவண்ணாமலையில் வாழ்ந்த அருணகிரிநாதரின் திருப்புகழும், கல்கியின் பொன்னியின் செல்வனும் அவ்வாறு பல கோப்புகளாகவே கிடைத்தன. தொலைபேசிக் கம்பி வழியே நொடிக்கு மூன்று நான்கு கிலோபைட் மட்டுமே வந்த காலத்தில், 200 கிலோபைட் உள்ள ஒரு பகுதி இறங்கவே ஒரு நிமிடம் பிடிக்கும். நடுவில் இணைப்பு அறுந்தால் தொடக்கத்திலிருந்து மீண்டும் இறக்க வேண்டும். மணிக்கணக்கில் கட்டணம் கொடுப்பவருக்குச் சிறு கோப்பு என்பது காசு மிச்சம்.

குறியேற்றம் என்பது எந்த எழுத்துக்கு எந்த எண் என்று கணினிகள் செய்துகொள்ளும் உடன்பாடு. தொடக்க நூல்கள் இணைமதி, மயிலை முதலிய எழுத்துருக்களின் தனித்தனி உடன்பாடுகளில் இருந்தன. பிறகு உலகத் தமிழர்கள் மின்னஞ்சல் குழுவில் விவாதித்து உருவாக்கிய திஸ்கிக்கு அவை மாற்றப்பட்டன. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு டாம், டாப் என்ற வேறு இரண்டு முறைகளை ஏற்றது. இறுதியில் எல்லாமே ஒருங்குறிக்கு வந்து சேர்ந்தன. ஒவ்வொரு மாற்றத்திலும் இருந்த கோப்புகளையெல்லாம் திரும்பச் செய்ய வேண்டியிருந்தது. திஸ்கியில் எழுத்துகள் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் இருக்கும். “கொ” என்பதை எழுத முதலில் ஒற்றைக்கொம்பு, பின் ககரம், பின் கால் என மூன்று எண்கள். ஒருங்குறியில் ககரம் முதலில் வரும், ஒகரக் குறி அதன்பின் ஒரே எண்ணாக வரும். ஆகவே எண்ணுக்கு எண் மாற்றினால் போதாது, வரிசையையும் மாற்றியாக வேண்டும். அளவும் கூடியது: “அறம்” என்ற சொல் திஸ்கியில் மூன்று பைட், யு.டி.எஃப்.-8 என்ற ஒருங்குறி வடிவில் பன்னிரண்டு பைட். வழங்கியில் கோப்பைச் சுருக்கி அனுப்பி, உலாவியில் விரித்துக்கொள்ளும் ஜிஜிப் முறை இந்தச் சுமையைப் பெருமளவு குறைத்தது. மாற்றம் தொல்லை என்று அன்று பலர் சலித்துக்கொண்டது உண்மை. ஆனால் ஒருங்குறி வந்ததால்தான் தேடுபொறியில் தமிழில் தட்டி நூலின் நடுவிலிருக்கும் ஒரு வரியை எட்ட முடிந்தது, எழுத்துரு ஏற்றும் ஐந்து நிமிடமும் இல்லாமற்போனது. விண்டோஸ் 2000இல் லதா எழுத்துரு உடன்வந்ததைக் கண்ட அந்த ஆசிரியர், தம் ஃபிளாப்பியில் எழுத்துருவுக்கு ஒதுக்கிய இடத்தில் இன்னொரு நூலை வைத்துக்கொண்டார்.

நிலைக்கோப்புக்கு இன்னொரு குணமும் உண்டு. அதைப் படியெடுத்து வேறோர் இடத்தில் வைத்தால் அங்கேயும் அப்படியே வேலை செய்யும். மதுரைத் திட்டத்தின் நூல்கள் அவ்வாறு ஆஸ்திரேலியாவிலிருந்து இயங்கிய தமிழ்.நெட் உள்ளிட்ட வெவ்வேறு தளங்களில் கண்ணாடிப் படிகளாக இருந்தன. ஒன்று மூடினாலும் மற்றொன்று திறந்திருந்தது. இதன் அருமை ஜியோசிட்டிஸ் மூடப்பட்டபோது விளங்கியது. இலவசமாக இடம் தந்த அத்தளத்தில் ஊர்ப் புராணம், குலதெய்வக் கதை, சொந்தக் கவிதை என்று தமிழர்கள் ஆர்வத்தோடு கட்டிய பக்கங்கள் ஏராளம். 2009 அக்டோபர் 26 அன்று அது நிறுத்தப்பட்டபோது, வேறெங்கும் படி வைக்காதவர்களின் பக்கங்களில் இணைய ஆவணக் காப்பகம் போன்ற அமைப்புகள் எடுத்துவைத்தவை தப்பின. மற்றவை போயின. இலங்கையில் 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்ததை அறிந்தவர்கள் 2005இல் நூலகம் திட்டத்தைத் தொடங்கி ஈழத்து நூல்களை மின்படிகளாக்கியதன் பின்னணியிலும், ஒரே இடத்தில் ஒரே படி இருப்பதன் அச்சம் இருந்தது.

கோப்புகள் பெருகும்போது கணினியின் வட்டிலேயே ஒரு தடை எழுகிறது. லினக்ஸ் வழங்கிகளில் நெடுங்காலம் வழக்கிலிருந்த எக்ஸ்ட்-3 என்ற கோப்பு முறையில் ஒரு கோப்புறைக்குள் சுமார் 32,000 துணைக் கோப்புறைகளுக்கு மேல் வைக்க முடியாது. அந்த எல்லைக்கு முன்பே, ஒரே இடத்தில் குவிந்த கோப்புகளைப் பட்டியலிடச் சொன்னால் இயந்திரம் திணறும். எனவே பெயரின் முதல் இரண்டு எழுத்தைக்கொண்டு அறை அறையாகப் பிரித்து வைப்பது பழைய வழங்கி நிர்வாகிகளின் பழக்கம். 2006 மார்ச்சில் அமேசான் எஸ்-3 என்ற சேவையை வெளியிட்டபோது இந்தக் கவலை வேறு வடிவம் பெற்றது. அண்ணாமலையார் கோயில் வாசலில் செருப்பை விட்டு டோக்கன் வாங்கிக்கொள்பவர் அது எந்தத் தட்டில் இருக்கிறது என்று அறியத் தேவையில்லாததுபோல, கோப்பையும் அதற்கொரு பெயரையும் கொடுத்தால் சேவை அதை எங்கோ பல வட்டுகளில் பத்திரப்படுத்தி, அதே பெயரைச் சொன்னதும் திருப்பித் தருகிறது. பெயரில் சாய்கோடுகள் போட்டுக் கோப்புறைபோல் எழுதிக்கொள்ளலாம். உண்மையில் அங்கே கோப்புறை இல்லை, முழு நீளப் பெயர் மட்டுமே உண்டு. இதற்குப் பொருட்சேமிப்பு என்று பெயர்.

இயந்திரத்தின் வட்டுக்கும் பொருட்சேமிப்புக்கும் உள்ள வேறுபாட்டை உணராமல் தொல்லைப்பட்டவர்கள் பலர். வேங்கிக்காலில் வளர்ந்து பொறியியல் படித்த இளைஞர் ஒருவர், பயிற்சி நிறுவனம் ஒன்றுக்காக மாணவர்கள் சான்றிதழை ஏற்றும் செயலியை எழுதி மேகக்கணியில் நிறுவினார். ஏற்றப்பட்ட படங்களைச் செயலி ஓடும் இயந்திரத்தின் வட்டிலேயே எழுதினார். மேகக்கணியில் அந்த இயந்திரம் தற்காலிகமானது. புதிய பதிப்பை நிறுவும்போது பழையது அதன் வட்டோடு கலைக்கப்படுகிறது, கூட்டம் கூடினால் அதுபோன்ற இன்னும் நான்கு இயந்திரங்கள் எழும்பி, ஒன்றின் வட்டில் இருப்பது மற்றதற்குத் தெரியாமல் இருக்கிறது. ஒரு காலையில் படங்கள் எல்லாம் காணாமற்போயின. மாணவர்களிடம் மீண்டும் சான்றிதழ் கேட்டு வாங்கும் பணி முடிந்த பிறகு, ஏற்றுவோரின் உலாவியே சிறிது நேரம் மட்டும் செல்லும் அனுமதி முகவரியைப் பெற்றுக்கொண்டு, செயலியைத் தொடாமல் நேராகப் பொருட்சேமிப்பில் கோப்பை வைக்குமாறு அவர் மாற்றி எழுதினார். இப்படிப்பட்ட செயலிகளுக்கு இதுவே பொருத்தமான முறை. செயலி சிந்திக்கட்டும், கோப்புகளைச் சுமக்கும் வேலை அதற்கு வேண்டாம்.

செலவுக் கணக்கும் புதியவர்களைத் திகைக்கவைப்பது. அமேசானின் மும்பை மையத்தில் பல ஆண்டுகளாக நிலவிய விலைப்பட்டியலில், ஒரு ஜி.பி.யை ஒரு மாதம் வைத்திருக்கக் கொடுப்பதைப்போல நான்கு மடங்குக்கும் மேல் அதே ஒரு ஜி.பி.யை ஒருமுறை வெளியே எடுத்துச் செல்லக் கொடுக்க வேண்டியிருந்தது. நூலகத்தைக் கட்டுவதைவிட வாசகருக்கு நூல் எடுத்துக் கொடுப்பது விலை கூடியது என்பதால், இலவச நூல் தளம் நடத்துபவர்கள் புகழ் பெருகும் மாதத்தில்தான் கவலைப்படுகிறார்கள். இதற்குரிய தீர்வு, மக்கள் வாழும் ஊர்களுக்கு அருகே படிகளை வைத்துக்கொண்டு வழங்கும் சி.டி.என். வலையமைப்பு. 1998இல் அகமாய் நிறுவனம் தொழிலாக நிறுவிய இம்முறையை மேகக்கணி நிறுவனங்களும் மேற்கொண்டன. அமேசானின் வலையமைப்பு 2013இல் சென்னையில் முனையம் திறந்தது. வேங்கிக்கால் வாசகர் கேட்கும் பக்கம் கடல் கடந்து வர வேண்டியதில்லை என்றானது. கோப்பு மாறாது என்று உறுதியளித்தால், அதை ஓராண்டு, அதாவது 3,15,36,000 வினாடிகள், உலாவியே வைத்துக்கொள்ளலாம் என்று வழங்கி சொல்லிவிடலாம். மாற்ற நேர்ந்தால் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட ஒரு குறியைப் பெயரில் சேர்த்துப் புதிய கோப்பாக வெளியிட வேண்டும்.

மாறாத கோப்பை அருகிலிருந்தே வழங்கும் இம்முறையின் முழு வலிமையும் கார்த்திகைத் தீபத்தன்று வெளிப்படுகிறது. மாலை 6 மணிக்குத் திருவண்ணாமலையில் 2,668 அடி உயர மலையின் உச்சியில் மகாதீபம் ஏற்றப்படுவதை உலகெங்கும் உள்ளவர்கள் நேரலையில் காண்கிறார்கள். முன்பெல்லாம் ஊருக்கு வர இயலாத உறவினர்களுக்கு மறுநாள் எஸ்.டி.டி. கூடத்திலிருந்து தொலைபேசியில் சொல்வதே வழக்கம். இன்று கைப்பேசியில் ஓடும் அந்த நேரலை பெரும்பாலும் நிலைக்கோப்புகளின் வரிசையே. ஆப்பிள் நிறுவனம் 2009இல் அறிமுகப்படுத்திய எச்.எல்.எஸ். போன்ற முறைகளில், காட்சி சில வினாடி நீளமுள்ள துண்டுகளாக வெட்டப்பட்டு ஒவ்வொன்றும் தனிக் கோப்பாக வைக்கப்படும். எந்தத் துண்டுக்குப்பின் எது என்று சொல்லும் சிறு பட்டியல் மட்டும் சில வினாடிக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும். வெட்டிய துண்டு இனி மாறாது என்பதால், அதை முதலில் கேட்டவருக்காக எடுத்துவந்த முனையம், அடுத்த நொடியில் கேட்கும் ஆயிரக்கணக்கானவர்களுக்கும் தன்னிடமிருந்தே கொடுத்துவிடுகிறது. தீபம் கண்டு கன்னத்தில் போட்டுக்கொள்ளும் பாட்டியிடம் இதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தத் தரிசனம் தடையின்றி வந்து சேர்வது, மாறாதவற்றைத் தனியே பிரித்து வைத்தவர்களின் முன்யோசனையால்தான்.

திருவண்ணாமலையில், அச்சில் வந்தவற்றை நிலைக்கோப்புகளாக்கி முறையாக வழங்கும் நிறுவனங்களில் இரமணாசிரமம் குறிப்பிடத்தக்கது; 1964 முதல் வெளியிட்டுவரும் மவுண்டன் பாத் இதழின் பழைய பிரதிகளைப் பி.டி.எஃப். கோப்புகளாக அனைவருக்கும் இலவசமாகத் தந்திருக்கிறது. ஆனால் வேங்கிக்காலின் டி.டி.பி. கடைகள் அடித்த தீபத் திருவிழா நோட்டீசுகள், தல வரலாற்றுச் சிறு நூல்கள், பள்ளி ஆண்டு மலர்கள் முதலியவை பெரும்பாலும் பேஜ்மேக்கர் கோப்புகளாக, அந்தந்தக் கடை வாங்கிய எழுத்துருவின் குறியேற்றத்தில், பழைய வட்டுகளில் கிடக்கின்றன. பேஜ்மேக்கரின் கடைசிப் பெரும் பதிப்பு 2001இல் வந்தது. அதைத் திறக்கும் கணினிகள் குறைந்துகொண்டே வருகின்றன. சில கடைக்காரர்கள் மனமுவந்து அவற்றை மீட்கத் தொடங்கியிருக்கிறார்கள்: முதலில் பக்கத்தைத் திறந்து பி.டி.எஃப். ஆக்கி வைத்துக்கொள்கிறார்கள், பிறகு எழுத்தை எடுத்து ஒருங்குறிக்கு மாற்றுகிறார்கள், அதன்பின் அச்சுப் பிரதியை வைத்து வரிவரியாக ஒப்பிடுகிறார்கள். பழைய எழுத்துருக்களில் காலும் ரகரமும் கண்ணுக்கு ஒன்றுபோல் இருந்ததால், அவசரத்தில் தட்டியவர் காலுக்குப் பதில் ரகரத்தைப் போட்ட இடங்கள் அச்சில் எவருக்கும் தெரியாமல் கடந்துவிட்டன. மாற்றிய கோப்பில் “கரர்த்திகை” என்றே வருகிறது. அவற்றை ஒவ்வொன்றாகத் திருத்துவதற்கு எந்த மென்பொருளையும் முழுமையாக நம்ப முடியவில்லை. தமிழ் தெரிந்த ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து படிக்க வேண்டியிருக்கிறது.